ஒன்பதாவது பன்றிக்குட்டி

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு, வெல்டைக் தெருக்காரர்களின் கூடாரத்தில் பூ தீர்ந்துபோனது.

பூத்தேர் ஊர்வலம் மறுநாள் காலை. தெருவுக்கு ஒரு தேர், சிறந்த தேருக்குப் பரிசு. தேர்மேல் பதினான்கு மீட்டர் நீளத்துக்கு ஒரு தாய்ப்பன்றி சுகமாகப் படுத்திருந்தது. அதன் வயிற்றோரம் ஒன்பது குட்டிகள் முட்டிமோதிக்கொண்டு நின்றன. தாய்க்கு உச்சி முதல் வால்வரை இளஞ்சிவப்பு டேலியாப் பூ. எட்டுக் குட்டிகளுக்கும் அப்படியே.

ஒன்பதாவது குட்டிக்கு மட்டும் மூக்கிலும் இரண்டு காதுகளிலும் பூ இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் பழுப்பு அட்டை.

"குளிச்சிட்டுத் துண்டு கிடைக்காம நிக்குற மாதிரி இருக்கு" என்றான் சீம். அவனுக்கு ஏழு வயது.

அவன் அக்கா ஃபெம்கே சிரிக்கவில்லை. அந்தக் குட்டி அவர்களுடையது. மற்ற எட்டையும் பெரியவர்கள் செய்தார்கள். இதைத் தெருவின் ஏழு பிள்ளைகள் கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து செய்தார்கள். கம்பியை வளைத்து, பழைய செய்தித்தாளைப் பசையில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டி, மேலே அட்டை போர்த்தி. அதற்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. வால் கொஞ்சம் நீளம். ஆனாலும் பார்த்தவுடன் பன்றிக்குட்டி என்று சொல்லிவிடலாம்.

பிள்ளைகள் செய்தது என்பதால்தான் அதற்குக் கடைசியில் பூ. பெரியவர்கள் செய்ததற்கெல்லாம் முதலில். பிள்ளைகள் செய்ததற்கு மிச்சம் இருந்தால். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே செய்துவிட்டார்கள்.

தெருவின் தேர் வேலைக்கெல்லாம் தலைவர் டோன் மாமா. காதில் பென்சில் செருகியிருப்பார். அந்தப் பென்சிலையே நாள் முழுக்கத் தேடிக்கொண்டும் இருப்பார். இப்போது காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்படிங்க தீரும்? அளந்து பார்த்துத்தானே பூ கேட்டோம்! எவனோ தூக்கிட்டுப் போயிருக்கான். வேற யாரு, லார்ஹூக் தெருக்காரனுங்கதான். போன வருஷம் நம்ம ஏணியத் தூக்கினவனுங்கதானே!"

"அந்த ஏணிய நீங்களே குடுத்தீங்க டோன்" என்றார் ஃபெம்கேயின் அம்மா அன்கா. "திருப்பிக் கேக்கத்தான் மறந்துட்டீங்க."

"ஏணிய விடும்மா. பூ எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. விழாக்குழுவின் வயலில் இளஞ்சிவப்பு டேலியா ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் பறித்தாகிவிட்டது. டோன் மாமா ஒன்பதாவது குட்டியைச் சுற்றி வந்தார். அதன் குட்டைக் காலைத் தட்டினார்.

"மூணு மணிக்குள்ள பூ வந்தாத்தான் பொழுது சாயறதுக்குள்ள ஒட்ட முடியும். வரலைன்னா, இதை ரம்பத்தால அறுத்து எடுத்துட வேண்டியதுதான். எட்டுக் குட்டி போதும். பாதி அம்மணமா ஒண்ணு போச்சுன்னா ஊரே சிரிக்கும்."

"மாமா!" என்று ஏழு பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"எனக்கு மட்டும் ஆசையாடா? வேற வழி சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவர் கைப்பேசியை எடுத்தார். திருட்டுப் போய்விட்டது என்று விழாக்குழுவுக்குச் சொல்லப் போகிறாராம். எண்ணைத் தேடுவதற்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேடப் போனார்.

ஃபெம்கே கூடாரக் கம்பத்தின் அருகே போனாள். பூ கேட்டு ஜூன் மாதம் விழாக்குழுவுக்கு அனுப்பிய படிவத்தின் நகல் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. டோன் மாமா வீட்டுச் சமையலறை. அவர் அளவுகளைப் படித்தார், அவள் எழுதினாள். படிவத்தில் தேரின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்கு மேலே 'எத்தனை ஆயிரம்?' என்று அச்சடித்திருந்தது.

"தாய்ப்பன்றி, அறுபத்திரண்டாயிரம்" என்றார் அவர்.

62 என்று எழுதினாள்.

"குட்டி ஒண்ணு, நாலாயிரத்து நானூறு. ஆயிரத்துல சொன்னா எத்தன?"

"நாலு!" என்று கேள்வி முடியும் முன்னே சொன்னாள். பள்ளியில் அப்போதுதான் அதைப் படித்திருந்தார்கள். நூறின் இடத்தில் ஐந்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு. ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ஆயிரத்தில் ஒன்றைக் கூட்டு. நூறின் இடத்தில் நாலு. விட்டுவிட்டாள்.

அடுத்த குட்டிக்கும் நாலு. அதற்கடுத்ததற்கும் நாலு. ஒன்பது கட்டங்களில் ஒன்பது நாலு, ஒரே அழகாக, ஒரே உயரத்தில். "கெட்டிக்காரி" என்று டோன் மாமா ஒரு சாசேஜ் ரொட்டிகூடக் கொடுத்தார்.

இப்போது அவள் ஒரு துண்டு அட்டையை எடுத்துக் கணக்குப் போட்டாள்.

ஒரு குட்டிக்கு வேண்டியது 4,400. ஒன்பது குட்டிக்கு 39,600.

கேட்டது 36,000.

குறைவது 3,600.

ஒரு வரியில் விட்டது வெறும் நானூறு. யார் கண்ணிலும் படாது. ஆனால் ஒன்பது வரியிலும் விட்டால்? கிட்டத்தட்ட ஒரு முழுப் பன்றிக்குட்டியே காணாமல் போகிறது.

சரிதானா என்று இன்னொரு முறை பார்த்தாள். எட்டுக் குட்டிக்கு 35,200 பூ போயிருக்கும். முப்பத்தாறாயிரத்தில் அதைக் கழித்தால் 800. பெட்டிக்கு இருநூறு பூ. நான்கு பெட்டி. ஒரு மூக்கு, இரண்டு காது. அதற்குக் காலியானதும் நான்கு பெட்டிதான். அச்சாகப் பொருந்தியது.

திருடன் யாருமே இல்லை.

ஃபெம்கே அட்டையை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. லார்ஹூக் தெருவைத் திட்டுவது இங்கே புதிதும் இல்லை. ஆனால் டோன் மாமாவுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. அவர் பொத்தான்களை அழுத்தத் தொடங்கியிருந்தார்.

"மாமா, போன் பண்ணாதீங்க. யாரும் திருடலை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் தப்பு பண்ணினேன்."

கூடாரமே அவள் பக்கம் திரும்பியது. ஃபெம்கே அட்டையை நீட்டினாள். அவள் காது இரண்டும் டேலியா நிறத்துக்கு வந்திருந்தன.

டோன் மாமா படித்தார். மறுபடியும் படித்தார். "என்னடி இது? நாலாயிரத்து நானூற ஆயிரத்துல சொன்னா நாலுதானே? உங்க டீச்சர் அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒண்ணு மட்டும்னா சரி மாமா. நாம ஒவ்வொண்ணையும் முழு ஆயிரமா சுருக்கிட்டு அப்புறம் கூட்டிட்டோம். மொதல்ல எல்லாத்தையும் கூட்டியிருக்கணும். கடைசியில ஒரே ஒரு தடவை சுருக்கியிருக்கணும். அறுபத்திரண்டாயிரமும் முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறும் சேர்ந்தா ஒரு லட்சத்து ஆயிரத்து அறுநூறு. அப்போ சுருக்கினா ஒரு லட்சத்து ரெண்டாயிரம். பத்தியிருக்கும். நானூறு பூ மிச்சம்கூட ஆகியிருக்கும்."

"நாம கேட்டது எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டாயிரம்."

டோன் மாமா ஒரு காலிப் பெட்டியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"நீ எழுதின. படிச்சுச் சொன்னது நான். கையெழுத்துப் போட்டு அனுப்பினதும் நான். அதனால மூஞ்சிய இப்படித் தொங்கப் போடாத" என்றார். "ஆனா இதத் தெரிஞ்சுக்கிட்டதால பூ வந்துடாது பாப்பா. மூணு மணி மூணு மணிதான்."

ஃபெம்கே அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டம் போட்ட படிவம் இவர்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஊரில் எல்லாத் தெருவுக்கும் அதே படிவம்தான். எல்லோரும் வரி வரியாகச் சுருக்கித்தான் எழுதியிருப்பார்கள். இவர்களுக்கு நூறின் இடத்தில் சின்ன எண் வந்ததால் குறைந்தது. யாருக்காவது பெரிய எண் வந்திருந்தால்?

"லார்ஹூக் தேர்ல என்ன?" என்று கேட்டாள்.

"ஆந்தை" என்றான் சீம். "ஒரு மரம் நிறைய ஆந்தை. பதினொண்ணு."

ஆமாம், பதினொன்று. லார்ஹூக் தெருவில் பாஸ் என்ற பையன் அவள் வகுப்பில்தான் படிக்கிறான். எங்கள் ஆந்தை ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரத்து அறுநூறு பூ என்று இரண்டு வாரமாக எல்லோர் காதிலும் ஓதிக்கொண்டிருந்தான். நூறின் இடத்தில் ஆறு. அப்படியானால் அவர்கள் மூன்று என்று எழுதியிருப்பார்கள். ஓர் ஆந்தைக்கு நானூறு அதிகம். பதினொரு ஆந்தைக்கு நாலாயிரத்து நானூறு.

"மாமா! அவங்ககிட்ட இருபத்திரண்டு பெட்டி மிச்சம் இருக்கும்! நமக்குப் பதினெட்டு போதும்!"

"லார்ஹூக்காரன்கிட்ட போய்க் கையேந்தறதா? நானா?" டோன் மாமா எழுந்தே நின்றுவிட்டார். "அதுக்கு அந்தக் குட்டிய நானே கடிச்சுத் தின்னுடுவேன்."

"அட்டை நல்லா மெல்லணும், பாத்து" என்றார் அம்மா. பிறகு ஃபெம்கேயிடம் திரும்பி, "நம்ம பெட்டி சைக்கிள எடுத்துக்கோ. சீமையும் கூட்டிட்டுப் போ. மாமா வர மாட்டாரு. நீ போலாம்" என்றார்.

லார்ஹூக் கூடாரம் ஏரியைத் தாண்டி, முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த அந்தச் சைக்கிளில் ஐந்து நிமிடம். வாசலில் பாஸ் ஒரு நாற்காலி போட்டுக் காவல் இருந்தான். ஊர்வலத்துக்கு முந்தின நாள் அடுத்த தெருக்காரர்களை யாரும் உள்ளே விடமாட்டார்கள்.

"நில்லு! வேவு பாக்க வந்தியா?"

"உங்க ஆந்தையப் பாக்கறதுக்கா? போன மே மாசமே எல்லாத் தேரோட மாதிரி வடிவத்தையும் ஊர் மண்டபத்துல வச்சாச்சு. கோழின்னுல்ல நினைச்சேன்."

"உங்க பன்னி நாத்தம் இங்க வரைக்கும் வருது."

"அது உங்க பசை நாத்தம்" என்றான் சீம்.

இரைச்சல் கேட்டு ரீட் அத்தை வெளியே வந்தார். லார்ஹூக் தேருக்குத் தலைவர் அவர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் பூச்சாறு. "என்ன சத்தம்? டோன் தெருப் பிள்ளைங்களா? என்ன வேணும்?"

ஃபெம்கே சுற்றி வளைக்கவில்லை. ஒன்பதாவது குட்டி, மூன்று மணி, ரம்பம், தன்னுடைய ஒன்பது நாலு, எல்லாவற்றையும் சொன்னாள்.

ரீட் அத்தை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பாவமாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கே பத்துமான்னு தெரியல. இன்னும் ரெண்டு ஆந்தை பாக்கி. உனக்குக் குடுத்துட்டு, கடைசி ஆந்தைய நான் மொட்டையா நிக்க வைக்கவா?"

"பத்தும் அத்தை. பத்தி மிச்சமும் ஆகும். எண்ணிப் பாத்துடலாமா?"

"எண்ண நேரம் எங்க இருக்கு?"

"பாஸும் நானும் எண்ணறோம். அஞ்சே நிமிஷம். நான் பெட்டிய மட்டும்தான் பார்ப்பேன், ஆந்தையப் பார்க்க மாட்டேன். வேணும்னா ஒரு கையால கண்ண மறைச்சுக்கறேன்."

ரீட் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ" என்றார்.

கூடாரத்தின் பின்பக்கம் பெட்டிகள் கண்டபடி குவிந்துகிடந்தன. அப்படியே பார்த்தால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபெம்கே பத்துப் பத்தாக அடுக்கச் சொன்னாள். பாஸ் முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினான். நான்கு அடுக்கு முழுசாக வந்தது. ஐந்து பெட்டி உதிரி.

"நாற்பத்தஞ்சு" என்றாள் ஃபெம்கே. "ஒன்பதாயிரம் பூ. ரெண்டு ஆந்தைக்கு அஞ்சாயிரத்து இருநூறு, அதாவது இருபத்தாறு பெட்டி. மிச்சம் பத்தொன்பது."

சொல்லிவிட்டு அவளே புருவத்தைச் சுருக்கினாள். "இருபத்திரண்டு இருக்கணுமே. மூணு பெட்டி எங்க?"

பாஸ் சட்டென்று தன் ஷூவைப் பார்க்கத் தொடங்கினான்.

"பாஸ்?" என்றார் பின்னால் வந்து நின்ற ரீட் அத்தை.

"காலைல பந்து விளையாடினோம்... நான் பெட்டி அடுக்கு மேல விழுந்துட்டேன்... நசுங்கினத எல்லாம் வேலிக்குப் பின்னால..."

"எனக்குத் தெரியவே தெரியாதே!" ரீட் அத்தை ஃபெம்கேயை ஒரு மாதிரி பார்த்தார். "உன் கணக்கு ரொம்பப் பேசுதுடியம்மா."

"சாரி பாஸ்" என்றாள் ஃபெம்கே. உண்மையாகவே அவனைக் காட்டிக்கொடுக்க நினைத்திருக்கவில்லை.

ரீட் அத்தை அடுக்குகளின் அருகே போனார். இருபத்தாறு பெட்டிகளைத் தன் கையாலேயே எண்ணித் தனியே ஒதுக்கினார். இன்னொரு முறையும் எண்ணினார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சரி. நான் குடுத்து, நாளைக்கு நீங்க எங்கள ஜெயிச்சுட்டா?"

'அதெல்லாம் ஜெயிக்க மாட்டோம் அத்தை' என்று சொன்னால் காரியம் சுலபமாக முடியும். ஃபெம்கேக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தத் தாய்ப்பன்றியை நினைத்தாள். அது அவ்வளவு அழகாகப் படுத்திருந்தது.

"ஜெயிச்சாலும் ஜெயிப்போம்" என்றாள்.

பாஸ் "ஓகோ!" என்றான். ரீட் அத்தை அவனைக் கையமர்த்தினார்.

"பூவில்லாத பன்னிக்குட்டிய ஜெயிச்சு நான் என்னத்தக் கொண்டாடறது? எடுத்துட்டுப் போ. பத்தொன்பதையும் எடுத்துக்கோ, இங்க வச்சா வாடித்தான் போகும். ஆனா எங்ககிட்ட ரோஸ் இல்ல. பீட்ரூட் கலர்தான்."

"பரவாயில்ல அத்தை!"

"பாஸ், உன் பெட்டி சைக்கிளையும் எடு. பூவ நசுக்கத் தெரிஞ்சவனுக்குச் சுமக்கவும் தெரியணும். அப்புறம், டோன்கிட்ட சொல்லு, அவனோட ஏணிய வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி. ஒரு வருஷமா வழிய அடைச்சுக்கிட்டுக் கிடக்கு."

ஒரு நடைக்கு ஒரு சைக்கிளில் ஐந்து பெட்டி. இரண்டு சைக்கிள், இரண்டு நடை. இரண்டாவது நடைக்கு அவர்கள் வெல்டைக் கூடாரத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். முதல் நடையில் வந்த பத்துப் பெட்டிகளும் திறந்தபடி இருந்தன. டோன் மாமா அவற்றின் முன் கையில் ரம்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"இது பீட்ரூட்" என்றார்.

"ஆமா மாமா."

"எட்டு ரோஸ். ஒண்ணு மட்டும் பீட்ரூட். மூக்கும் காதும் ரோஸ், உடம்பு பீட்ரூட். எங்கேயாவது உண்டா?"

"எங்க கொட்டில்ல போன வாரம் பொறந்ததுல ஒண்ணு கறுப்பு" என்றான் பாஸ். "அதுக்கு மூக்கு மட்டும் ரோஸ்."

டோன் மாமா அப்போதுதான் அவனைப் பார்த்தார். "இவன் யாரு? லார்ஹூக் பையன் எங்க கூடாரத்துலயா?"

"பூவோட வந்தான்" என்றார் அம்மா. "சும்மா நிக்கறவங்க பசை எடுங்க."

டோன் மாமா ரம்பத்தைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். அது தன் குட்டைக் காலை ஊன்றிக்கொண்டு, பூ மூக்கை நிமிர்த்தி, அவரையே பார்ப்பதுபோல நின்றது. அவர் ரம்பத்தை மேசைக்கு அடியில் போட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தேர்மேல் ஏறினார்.

"முதுகிலிருந்து ஆரம்பிப்போம். வரிசையா. ஃபெம்கே, எத்தன பூ?"

"மூவாயிரத்து அறுநூறு."

"சுருக்காம சொன்னியா?"

"சுருக்கவே இல்ல மாமா."

ஏழு பிள்ளைகளும், ஒரு லார்ஹூக் பையனும், பன்னிரண்டு பெரியவர்களும் ஒட்டினார்கள். பாஸ் முதல் பத்துப் பூவையும் தலைகீழாக ஒட்டினான். சீம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான், ரொம்பவும் பொறுமையாக, ரொம்பவும் சத்தமாக. சூரியன் ஏரிப் பக்கம் இறங்கியபோது வாலின் நுனியில் கடைசிப் பூ ஏறியது. மிச்சம் ஒரு பெட்டி இருந்தது. அம்மா அதை எடுத்து ஆளுக்கொரு பூவாக எல்லோர் சட்டையிலும் குத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேர் நகர்ந்தது. இந்தத் தேர்களுக்கு வடம் கிடையாது. உள்ளே ஆட்கள் குனிந்து நின்று தள்ளுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஓர் ஆளும் தெரியாது. பிள்ளைகளுக்கென்று தேரின் பின்பக்கம், ஒன்பதாவது குட்டியின் அடியில் இடம் ஒதுக்கியிருந்தார் டோன் மாமா. ஃபெம்கேக்கு முன்னால் போகிறவரின் குதிகாலும், திரைக்குக் கீழே ஒரு சாண் தெருவும் மட்டும் தெரிந்தன. ஒரு பக்கம் வாத்திய இசை. மறுபக்கம் கைத்தட்டல். மேலே இருந்து ஈரப்பூ வாசம் இறங்கியது.

தேர் மூலையில் மெதுவாகத் திரும்பியது. தெருவோரத்திலிருந்து ஒரு சின்னக் குழந்தையின் குரல் கேட்டது. யாருடைய தோளிலோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

ஃபெம்கே தள்ளிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"...ஆறு, ஏழு, எட்டு..."

தேர் இன்னும் முழுவதும் திரும்பவில்லை. குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் சீம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. தேரின் பின்பக்கம் வெயிலுக்கு வந்தது.

"அப்பா, அப்பா! ஒன்பது! இன்னொண்ணு இருக்கு, செகப்பா!"

இருட்டுக்குள் ஏழு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு, இன்னும் பலமாகத் தள்ளினார்கள்.